பத்து லாரி நல்ல கரி

ஊரில் அவளுக்குத் தராசு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள். வயதில் சின்னவர்கள் தராசக்கா என்பார்கள். சுரங்கத்திலிருந்து வரும் கரி ஒரு நீளக் கொட்டகைக்குள் ரப்பர் பெல்ட்டில் ஓடும். பெல்ட்டின் இரண்டு பக்கமும் பெண்கள் நின்று, கரிக்கு நடுவே வரும் கல்லைப் பொறுக்கிப் பின்னால் வீச வேண்டும். கல்லும் கறுப்பு, கரியும் கறுப்பு, கொட்டகைக்குள் வரும் வெளிச்சமும் ஏறக்குறைய கறுப்பு. மற்றவர்கள் கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்ப்பார்கள். இவள் பார்க்கவே மாட்டாள். பக்கத்தில் நிற்பவளிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே கையில் எடுப்பாள். கனத்தால் கல், கனக்காவிட்டால் கரி. கை தப்பினதாக யாரும் பார்த்ததில்லை.

அந்த ஊர்க் கரியைப் பற்றியும் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். தன்னைக் கரி என்று சொல்லிக்கொள்ளவே அதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். எரித்தால் பாதிக்குப் பாதி சாம்பல். அடுப்பில் போட்டால் புகை வரும், கோபம் வரும், சூடு மட்டும் சாவகாசமாக வரும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். அந்த ஊர் தன் கரியை அப்படித்தான் வைத்திருந்தது. வெளியூர்க்காரன் யாராவது உங்கள் கரி மட்டம் என்று சொல்லிவிட்டால், டீக்கடையில் அவனுக்கு டீ ஆறித்தான் வரும்.

தராசக்காவின் கணவர் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கம் அவரை ஒன்றும் செய்யவில்லை; சாதாரணக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. மிச்சம் ஒரே மகன். அவனுக்காகப் பொய் சொல்வதில் அவளுக்கு வெட்கமே கிடையாது என்பது ஊருக்கே தெரியும். அவன் சிறுவனாக இருந்தபோது கவண் கல்லால் அலுவலக வாசல் விளக்கை உடைத்தான். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, இவள் ஓடிவந்து, நாயை விரட்ட நான் எறிந்த கல் என்று சாதித்தாள். எந்த நாய் என்று காவல்காரர் கேட்டதற்கு, அதுதான் ஓடிப்போய்விட்டதே என்றாள். பள்ளிக்கூடத்துக்கு அவன் மட்டம் போட்ட நாட்களில் அவளுக்கு வராத வியாதி இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கலையில் அவள் கைதேர்ந்தவள் என்று ஊர் சிரிக்கும். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

மகன் வளர்ந்தான். ஊரில் வேலை இல்லை. தூரத்து நகரம் ஒன்றில், துணிக்குச் சாயம் போடும் ஆலையில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணமும் அங்கேயே முடிந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை வருவான். வந்த மறுநாளே திரும்பிப் போவதைப் பற்றிப் பேச ஆரம்பிப்பான். அக்காவுக்கு வாழ்க்கையில் வேறு ஆசை எதுவும் இல்லை. கம்பெனி கொடுத்த இரண்டறை வீட்டில், முன்னறையில் மகனும் மருமகளும் இருக்க வேண்டும், தான் சமையலறையில் படுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். அதைக்கூட அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் ஆசை கேலிக்கு ஆளாகிவிடும் என்று பயம்.

இதற்கிடையில் அந்தக் கரியை வாங்கிக்கொண்டிருந்த மின் நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. கொதிகலனைச் சாம்பல் அடைக்கிறது என்றார்கள். சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆளாளுக்கு ஒரு தேதி சொன்னார்கள்.

அந்த நேரத்தில்தான் ஒரு என்ஜினீயர் வந்தார். ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் இரண்டு மூக்குக்கண்ணாடி. கேன்டீனில் எல்லோரையும் உட்காரவைத்து விளக்கினார். இனிமேல் இந்தக் கரியை எரிக்க வேண்டாமாம். மூடிய உலைக்குள் போட்டு, அரை வயிற்றுக்கு மட்டும் காற்று கொடுத்து, அடியிலிருந்து நீராவியை ஏற்றினால் போதுமாம். முழுசாக எரிய வழியில்லாத கரி வாயுவாக மாறிவிடும்; வாயுவிலிருந்து உரம் செய்யலாம், இன்னும் என்னென்னவோ செய்யலாம். மட்டக் கரிக்கும் இதில் வாழ்வு உண்டு என்றார். அன்று ஒருநாள் மட்டும் மட்டக் கரி என்ற வார்த்தைக்கு யாரும் கோபப்படவில்லை.

ஆனால் முதலில் சோதனை. வெளியூரில் ஒரு சின்னச் சோதனை உலை இருந்தது. அதற்குப் பத்து லாரி கரி போக வேண்டும். அதில் கரி எப்படி நடந்துகொள்கிறதோ, அதைப் பார்த்துத்தான் இங்கே எந்த மாதிரி ஆலை, எவ்வளவு பெரிய உலை என்று முடிவுசெய்வார்கள். என்ஜினீயர் கொட்டகைக்கே வந்து, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

"பெல்ட்ல எப்படி வருதோ அப்படியே ஏத்துங்க. யாரும் கை வைக்க வேண்டாம். கல் இருந்தா கல்லோட போகட்டும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் விடுதிக்குப் போனதும் கொட்டகை மேஸ்திரி பெல்ட்டை நிறுத்தினார். நல்ல மனிதர், மனைவி, மூன்று பெண் குழந்தைகள், மூட்டுவலி, எல்லாம் உள்ளவர். ஓடாத பெல்ட்டின் மேல் சாய்ந்துகொண்டு பெண்களைப் பார்த்தார்.

"போட்டோவுக்கு நிக்கும்போது தலை சீவிக்கறதில்லையா? அது மாதிரிதான். என்ன சொல்ற தராசு?"

ஏமாற்ற வேண்டும் என்று அங்கே ஒருத்தருக்கும் நினைப்பில்லை. வாழ்நாள் முழுக்கக் கல்லைப் பொறுக்கி எறிந்த கைகள். கல்லோடு அனுப்பு என்பது, அழுக்குச் சட்டையோடு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு என்பது போல அவர்களுக்குப் பட்டது. தராசக்கா கையுறையை மாட்டிக்கொண்டாள். அதுதான் பதில்.

அந்த மாதிரி ஒரு வேலை அந்தக் கொட்டகையில் அதற்கு முன்பு நடந்ததில்லை. விடுப்பில் இருந்தவர்கள் வந்தார்கள். சுரங்கத்துக்குள் வேலை பார்க்கிறவர்களின் மனைவிமார், பெல்ட்டையே பார்த்திராதவர்கள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றார்கள். கல்லை மட்டுமா எடுத்தார்கள்? மங்கலாக இருந்த கரியையும் ஒதுக்கினார்கள். பளபளவென்று இருந்த கட்டிகள் மட்டும் லாரிக்குப் போயின. எது போகலாம், எது கூடாது என்பதைக் கடைசியாகச் சொல்வது தராசக்காவின் கை. அவள் கையில் நிறுத்து, தலையை அசைத்தால் லாரி. உதட்டைப் பிதுக்கினால் குப்பை. ஒருத்தி பாட ஆரம்பித்தாள். குரல் சகிக்கவில்லை, ஆனாலும் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. எங்கள் கரிக்குள் இவ்வளவு நல்ல கரி இருந்ததா என்று அவர்களே அசந்துபோனார்கள். எங்கிருந்தாலும் பொறுக்கி எடுத்தால் நல்லது கொஞ்சம் கிடைக்கத்தான் செய்யும். மிச்சத்தை என்ன செய்வது என்பதுதான் கேள்வி, அதை அன்றைக்கு யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

சோதனை அமோகமாக ஜெயித்தது. எதிர்பார்த்ததைவிட நல்ல வாயு, எதிர்பார்த்ததைவிடக் குறைவான சாம்பல். ஊரில் மிட்டாய் கொடுத்தார்கள். அடுத்த சில வருஷங்களில் சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே ஆலை எழும்பியது. உயர உயரமான கலன்கள், ஏணிகள், குழாய்கள். அந்த ஊர் அதற்கு முன் பார்த்த உயரமான பொருள் தண்ணீர்த் தொட்டிதான்.

தராசக்கா மகனுக்குப் போன் போட்டாள். பாய்லர் வேலை தெரிந்தவர்களை எடுக்கிறார்கள், நீ வந்துவிடு என்றாள். அவன் தயங்கினான். அங்கே பழகிவிட்டது, மேலதிகாரி நல்லவர் என்றான். இவள் விடவில்லை. அந்த ஆலை நிலைக்குமா என்று அவன் கேட்டதற்கு, நம்ம கரியை நான் அறியாததா, நான் சொல்கிறேன் வா என்றாள். வந்தான். தேர்வானான். மருமகள் முன்னறை ஜன்னலுக்கு மஞ்சள் திரைச்சீலை போட்டாள். ஒரு வாரத்தில் அது சாம்பல் நிறமானது. துவைத்துத் துவைத்துப் போட்டாள். அக்கா சமையலறையில் படுத்துக்கொண்டு, முன்னறையில் இரண்டு பேரும் மின்விசிறி வேகத்தைப் பற்றிச் சண்டை போடுவதைக் கேட்டபடி தூங்கிப்போவாள். அவள் வாழ்க்கையில் சந்தோஷம் என்று ஒன்று இருந்தது என்றால், அது அந்த மின்விசிறிச் சண்டைதான்.

ஆலை ஓட ஆரம்பித்தது. ஆரம்பத்தில் வாயு வந்தது, உச்சிக் குழாயில் சுடர் எரிந்தது, எல்லோரும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு உலை நின்றது. சரிசெய்து ஓட்டினார்கள்; மறுபடி நின்றது. மகன் வீட்டில் விளக்கினான். உலையின் அடியில் ஒரு சுழல்தட்டு சுற்றிக்கொண்டே சாம்பலைக் கீழே தள்ளும். அது குறைந்த சாம்பலுக்கு அளவெடுத்துச் செய்த தட்டு. வருகிற சாம்பலோ இரண்டு பங்கு. தள்ளித் தீராமல் தேங்குகிற சாம்பல் சூட்டில் உருகி, ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையாகி, தட்டையே பிடித்துக்கொள்கிறது. உருகாமல் இருக்க நீராவியைக் கூட்டினால் உலை குளிர்ந்து, வாயு நோஞ்சானாகிவிடுகிறது. நீராவியைக் குறைத்தால் வாயு வருகிறது, கூடவே பாறையும் வருகிறது. நின்றபிறகு உலையை ஆறவைத்து, ஆட்கள் உள்ளே இறங்கி, உளியும் சம்மட்டியுமாக உடைத்து எடுக்க வேண்டும். அவன் உள்ளங்கை இரண்டும் கொப்புளம்.

ஒருநாள் அந்தப் பாறையில் ஒரு துண்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். பச்சையும் கறுப்புமாக, கண்ணாடிபோல் மினுங்கியது. மருமகள் அழகாக இருக்கிறது என்றாள். தராசக்கா அதைக் கையில் எடுத்தாள். கை அதன் கனத்தைச் சொன்ன உடனே அவளுக்கு விளங்கிவிட்டது. எந்தக் கல்லை அன்று சோதனை உலைக்குப் போகவிடாமல் தடுத்தாளோ, அந்தக் கல் வேறு வழியாகத் தன் வீட்டு மேசைக்கே வந்திருக்கிறது. துண்டை மேசைமேல் வைத்துவிட்டு, அடுப்பை அணைக்கிற சாக்கில் எழுந்துபோனாள்.

அவள் சும்மா இருக்கவில்லை. மறுநாளே மேஸ்திரியைப் பிடித்தாள். அன்று பொறுக்கினதுபோல் இப்போதும் பொறுக்கிப் போட்டால் என்ன? மேஸ்திரி மேலே பேசி ஒப்புக்கொள்ள வைத்தார். அதே பெண்கள் மறுபடி பெல்ட்டின் இரு பக்கமும் நெருக்கியடித்து நின்றார்கள். இந்தத் தடவை யாரும் பாடவில்லை. தராசக்காவின் விரல்கள் வீங்கின. கையுறை ஏறாமல் துணி சுற்றிக்கொண்டாள். ஆனால் அது பத்து லாரிக்கு நடந்த வித்தை. இந்த ஆலையோ, அவர்கள் நாள் முழுக்கப் பொறுக்குவதை ஒரு வாய்க்குள் போட்டுக்கொண்டு அடுத்தது எங்கே என்றது. யானைப் பசிக்குச் சோளப்பொரி. அதோடு அந்தக் கரியில் கல் தனியாக மட்டுமா இருந்தது? கரிக்குள்ளேயே மண் கலந்திருந்தது. பளபளப்பானதை மட்டும் எடுத்துக்கொண்டே போனால் சுரங்கத்துக் கரியில் முக்கால்வாசியை வீச வேண்டும். சில வாரத்தில் மேலிடம் போதும் என்றுவிட்டது.

பிறகு ஒருநாள், மகனின் ஷிப்டில், சுழல்தட்டின் தண்டே முறுக்கிக்கொண்டது. வாயுவைக் கூட்டு, நீராவியைக் குறை என்று மேலேயிருந்து சொல்லியிருந்தார்கள். வாய்வார்த்தையாகச் சொன்னார்கள். குறைத்தது அவன் கை. விசாரணை வந்தபோது, சொன்னவர்களுக்கு ஞாபகமறதி வந்துவிட்டது. சோதனையில் பிரமாதமாக ஓடிய கரி இங்கே ஓடவில்லை என்றால், கரிமேல் தப்பில்லை, ஓட்டினவன்மேல்தான் தப்பு என்று முடிவுகட்டினார்கள். அவனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். டீக்கடையில் இப்போது அவனுக்கும் டீ ஆறித்தான் வந்தது.

விசாரணைக்கு அதே என்ஜினீயர் வந்திருந்தார். தராசக்கா நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு விடுதிக்குப் போனாள். அவர் அறையில் மேசைமேல் குழாய்ப்படங்கள் விரிந்துகிடந்தன. மூலையில் அரைச்சாப்பாடு மூடிவைத்திருந்தது. அவர் எழுந்து நாற்காலி கொடுத்தார். அவள் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னாள். மேஸ்திரி பெயரைச் சொல்லவில்லை. நான்தான் பொறுக்கினேன், நான்தான் பொறுக்கவைத்தேன், என் மகனுக்கு இதில் ஒரு பங்கும் இல்லை, அவனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.

என்ஜினீயர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"முதல் லாரியைத் திறந்தப்பவே எனக்குத் தெரியும்மா."

அவளுக்குக் காதில் விழுந்தது மனசில் ஏறவில்லை. தெரிந்திருந்தால் ஏன் திருப்பி அனுப்பவில்லை என்று கேட்டாள்.

"எனக்கும் அது ஜெயிக்கணும்னு இருந்துச்சு. இதுக்காகப் பாதி வயசு அலைஞ்சிருக்கேன். கொஞ்சம் கல்தானே, சமாளிச்சுக்கலாம்னு நினைச்சேன்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். மனிதர் நேர்மையானவர், நேர்மை தாமதமாக வந்தால் அதற்கு நிறுத்தத் தெரியாது.

"கல்லோட அனுப்பியிருந்தீங்கன்னா, கல்லுக்கு ஏத்த உலையைக் கட்டியிருப்போம். அதுக்கும் ஒரு வழி இருந்துச்சு. செலவு கூட, ஆனா ஓடியிருக்கும்."

இப்போதாவது அதைக் கட்டக்கூடாதா என்று கேட்டாள். அவர் இல்லை என்று தலையசைத்தார். ஆலையை மூட முடிவாகிவிட்டது. அந்தக் கரிக்கு வேறு கிராக்கி இல்லாததால் சுரங்கமும் கூடவே மூடப்படும். உங்கள் மகனைத் திரும்பச் சேர்க்க இனி வேலையே கிடையாது. நாளைக்கே நான் உண்மையை எழுதினாலும் எனக்கும் உங்களுக்கும் கெட்ட பெயர் வருமே தவிர, ஒரு செங்கல்கூட இங்கே திரும்பி வராது என்றார். அவர் எழுதவும் இல்லை. அவரைத் திட்டலாம். தராசக்கா திட்டவில்லை. தன் கையும் அவர் கண்ணும் ஒரே தப்பைத்தான் செய்திருக்கின்றன, யாரை யார் திட்டுவது என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினாள்.

மகன் பழைய நகரத்துக்கே போக ஏற்பாடு செய்தான். சாய ஆலையில் அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான். வேறு எதையாவது தேட வேண்டும். அம்மாவையும் கூப்பிட்டான். ஆனால் அங்கே கிடைத்தது ஒற்றை அறை, அதையும் இன்னொரு குடும்பத்தோடு பங்கு போட வேண்டும். இரண்டு மாதம் போகட்டும், வருகிறேன் என்றாள். வரமாட்டாள் என்பது மூன்று பேருக்கும் தெரியும். மருமகள் திரைச்சீலையைக் கழற்றி மடித்தாள். பிறகு யோசித்து, வைத்துக்கொள்ளுங்கள் அத்தை என்று திரும்ப மாட்டினாள்.

பஸ் ஏறுகிற நாள் காலையில் அவன் வாசற்படியில் உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தாமலே பேசினான்.

"ஊரே என்னாலதான் அழிஞ்சுதுன்னு சொல்றாங்க. யோசிச்சுப் பார்த்தா எனக்கும் அப்படித்தான் தோணுதும்மா. அன்னைக்கு நீராவியைக் குறைக்காம இருந்திருக்கலாம்."

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்றையும் விடாமல் சொன்னாள். பத்து லாரி, பொறுக்கினது, பாட்டு, என்ஜினீயர் சொன்னது, எல்லாம். பொறுக்கினது நான், கெடுத்தது நான், நீ இல்லவே இல்லை என்றாள். அவன் கயிற்றை விட்டுவிட்டு அவளையே பார்த்தான். அவன் முகம் மெல்ல இளகியது. சின்ன வயதில் விளக்கு உடைந்த அன்று பார்த்த அதே பார்வை. வீங்கிப்போன அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

"எனக்காக எத்தனை பொய்தாம்மா சொல்வே? இது போதும். நான் பண்ணினதை நானே சுமந்துக்கறேன்."

இல்லைடா, சத்தியமாகடா என்றாள். அவன் சிரித்தான். அன்றைக்கு நாய், இன்றைக்குப் பத்து லாரியா என்றான். பஸ் வந்துவிட்டது.

கொட்டகை இப்போது பூட்டிக்கிடக்கிறது. பெல்ட்டை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பொறுக்கின பெண்களில் பாதிப் பேர் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். இருக்கிறவர்கள் அந்தப் பேச்சை எடுத்தாலே, அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று எழுந்து போகிறார்கள். மேஸ்திரி, அப்படி ஒன்றும் நடந்ததாக நினைவில்லை என்கிறார். தராசக்கா விடுவதாக இல்லை. கடையில், மருத்துவமனை வரிசையில், பஸ் நிறுத்தத்தில், யார் தன் மகனைப் பழித்தாலும் நிறுத்திவைத்து உண்மையைச் சொல்கிறாள். அவர்களும் பொறுமையாகத்தான் கேட்கிறார்கள். கேட்டு முடித்துவிட்டு, தாய் மனசு என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.